முப்பதுக்கு மேல் போகாதே

"வண்டி ஓட்டத் தெரியலைன்னா வீட்லயே கெடக்க வேண்டியதுதானே!"

பின்னால் வந்த கார்க்காரன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். தையல்காரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடுரோட்டில் ஸ்கூட்டரை ஆமையாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

வழிவிடக் கூடாது என்பது தெருவே கூடிப் பேசிய ஏற்பாடு. முன்னால் மருந்துக்கடைக்காரரின் பைக், பக்கத்தில் பள்ளி வேன், எல்லாம் அதே வேகம்தான். வளைவில் குடைக்குக் கீழே நகராட்சி ஆள் ஒருவர் வேகம் அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தார்.

"சைக்கிள்காரன்கூட நம்மளைத் தாண்டிப் போறான். கொஞ்சம் ஓவரா இல்ல?" என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த கணவன்.

"நீங்க சும்மா வாங்க. காரியம் கெட்டுடப் போகுது."

போன வருடம் இதே வளைவில்தான் ஒரு கார் அவர்களுடைய மூத்த மகளை அடித்துப்போட்டுவிட்டுப் போனது. பள்ளிக்கூடம் சாலைக்கு அந்தப் பக்கம். வரும் மாதம் முதல் சின்னவளும் இதே சாலையைக் கடந்தாக வேண்டும்.

தெருக்களில் வேகத்தைக் குறைக்கும் அதிகாரத்தை நகராட்சிக்கே கொடுத்துப் புதுச் சட்டம் வந்தபோது, முதல் ஆளாக மனு கொடுத்தவள் தையல்காரம்மாதான். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? நகராட்சிப் பொறியாளர் ஆள் அனுப்பி அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க தெருவுல எல்லாரும் அறுபதுல பறக்கறாங்கம்மா. முப்பதுன்னு பலகை வெச்சா எவன் மதிப்பான்? ஜனங்க போற வேகத்தைப் பார்த்துத்தான் நாங்க முடிவு பண்ணுவோம்."

"மெதுவாப் போனாங்கன்னா?"

"போகட்டும், பார்க்கலாம். அடுத்த மாசம் இன்னொரு தடவை அளக்கச் சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அளக்க வரும் நாளை அலுவலகக் காவலாளியிடம் கெஞ்சித் தெரிந்துகொண்டாள். அவளோடு முகம் கொடுத்தே பேசாத எதிர்வீட்டு டிரைவர்கூட, "அக்கா, நான் லாரியையே எடுத்துட்டு வந்துடறேன்" என்றான். இன்று காலையிலிருந்து அத்தனை பேரும் பிழைப்பை விட்டுவிட்டுத் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் நகராட்சி ஆள் கருவியை உறையில் போட்டார்.

"இப்படி ஒரு ஒழுங்கான தெருவை நான் பார்த்ததே இல்லைம்மா. உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன்."

தையல்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அன்றைக்குத்தான், மகள் போன பிறகு முதல் தடவையாக, வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுவாரம் கணவனையும் கூட்டிக்கொண்டு பொறியாளர் முன்னால் போய் நின்றாள். மனிதர் எழுந்து வந்து கைகொடுக்காத குறைதான்.

"முப்பதைத் தாண்டி ஒரு வண்டி போகலையாமே! பலே, பலே!"

"அப்போ பலகையை எப்ப சார் வைப்பீங்க?" என்றாள் அவள்.

பொறியாளர் மனுவை மடித்து அவளிடமே நீட்டினார்.

"இவ்ளோ மெதுவாப் போற தெருவுக்குப் பலகை எதுக்கும்மா?"