நடுக் கதிரை

ஊரிலுள்ள திருட்டையெல்லாம் நாற்பது வருடமாகத் தோண்டித் தோண்டி எழுதிய பத்திரிகையாளர் பேர்னாட்டுக்கு ஞாயிறு காலை வெள்ளவத்தையில் பாராட்டு விழா. ஏற்பாடு செய்தவரும் பேர்னாட்தான். நம்மவர் விழாக்களில் இதொன்றும் புதினமில்லை. என்றாலும் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறும்போதே மனைவி புளோறன்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"மண்டபம், மத்தியானச் சாப்பாடு எல்லாம் ஆற்ற செலவு?"

"லண்டனிலயிருந்து ஒரு வள்ளல் வந்திருக்கிறார். மேடையில நடுக் கதிரை குடுத்தாக் காணுமாம், எல்லாம் தன்ர பொறுப்பாம்!"

சொல்லிவிட்டு பேர்னாட் வயிறு குலுங்கச் சிரித்தார். வயது போனால் புகழாசை பிடரியைப் பிடிக்கும் என்பது சரிதான் என்று புளோறன்ஸ் நினைத்தாள்.

மண்டபத்தில், மேடையின் நடுக் கதிரையில் வந்து அமர்ந்தவரை அவள் உற்றுப் பார்த்தாள். பெயர் புதிது, தாடி புதிது. அந்த இளிப்பு மட்டும் பழையது. ஒரே பிளாட்டை ஐந்து பேருக்கு விற்றுவிட்டு நாட்டைவிட்டே ஓடிய நாகேந்திரம்!

அந்த ஐவரில் ஒருத்தி அவளுடைய சொந்தத் தங்கை றோஸி. இருந்ததையெல்லாம் கொடுத்து ஏமாந்தவள், இன்றைக்கும் மாளிகாவத்தையில் ஓர் அறையில் வாடகைக்குக் கிடக்கிறாள்.

புளோறன்ஸ் மேடையோரம் ஓடினாள்.

"இஞ்சேருங்கோ, அது நாகேந்திரமெல்லே!"

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சுமோ? றோஸியின்ர வயித்திலடிச்ச காசிலயோ உங்களுக்கு விழா? வெக்கமாயில்லையோ?"

"கொஞ்சம் சிரிச்ச முகமா இரும், புளோறி. போட்டோ எடுக்கினம்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விலைபோகாத மனிதன் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தாளே!

பேர்னாட் மைக்கைப் பிடித்தார்.

"காணாமற்போன கொள்கலனைக் கண்டுபிடிச்சன். ஒரு மந்திரியின்ர கள்ளப் பட்டத்தைக் கண்டுபிடிச்சன். ஒரேயொரு ஆளைத்தான் கண்டுபிடிக்க ஏலாமப் போச்சு. அதை இனிக் கதைச்சு என்ன? விடுவம்!"

நாகேந்திரம்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

"அடுத்தது பொன்னாடை. முதல் மரியாதை எங்கட வள்ளலுக்கு!" என்றார் பேர்னாட்.

புளோறன்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

பொன்னாடைகளோடு மேடையேறியவர்கள் ஐந்து பேர். போர்த்தினார்கள் என்பதைவிடச் சுற்றினார்கள் என்பதே பொருத்தம். இரண்டாவதில் நாகேந்திரத்தின் முழங்கை மறைந்தது. நான்காவதில் விரல் நுனியும் தெரியவில்லை. வாங்கியவர்களின் முகம் விற்றவருக்கு எங்கே ஞாபகம்? கமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சபை ஆரவாரித்தது. என்னவென்று புளோறன்ஸ் கண்ணைத் திறந்தாள். ஐந்தாவது பொன்னாடையை இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது அவளுடைய றோஸி!

ஆறாவதாக மேடையேறிய இன்ஸ்பெக்டர் மட்டும் பொன்னாடை கொண்டுவரவில்லை, கைவிலங்கு கொண்டுவந்திருந்தார்.