மேல்வீட்டுச் சத்தம்

மேலே மறுபடியும் தொடங்கிவிட்டது.

தொம். தொம். தொம்.

குமுதினி அடுப்பை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

மேல்வீட்டில் இருப்பவள் யாங். சீனாக்காரி, மெல்லிய உடம்பு, வயிற்றில் ஏழு மாதம். புருசன் யேர்மன்காரன், வாசலில் குனிந்து நுழைகிற உயரம். படியில் கண்டால் சிரிப்பான். குமுதினியின் கையில் பாரமான பை இருந்தால் வாங்கிக்கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போவான்.

வெளியில் சிரிக்கிற ஆட்களைக் குமுதினி நம்புவதில்லை.

டுசல்டோர்ஃபில் அந்த யூலை மாதம் அனலாய்க் கொதித்தது. உலகக் கிண்ணத்துக்குக் கட்டிய கொடிகள் பல்கனிகளில் அசையாமல் தொங்கின. எல்லா வீட்டு யன்னல்களும் திறந்துகிடந்தன. இந்தக் கிழமை முழுவதும் பகலில் இதே சத்தம். எல்லோருக்கும் கேட்டிருக்கும், ஆனால் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நேற்றுத் தன் புருசன் சந்திரசேகரனிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, மேல அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு அடி விழுகுது போல கிடக்கு."

"அது அவையின்ர வீட்டு விசயம். நீ உன்ர வேலையைப் பார்."

அவன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தொம். தொம்.

ஒருமுறைகூட அழுகைச் சத்தம் வரவில்லை. அது குமுதினிக்குப் புதினமாகப் படவில்லை. அழுதால் இன்னும் கூடும்.

தொலைபேசியைக் கையில் எடுத்தாள். பொலிஸ் வந்தால் மேல்வீட்டை மட்டும் தட்டிவிட்டுப் போகாது. பக்கத்து வீடுகளிலும் கேள்வி கேட்கும். இங்கேயும் வரும். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

அப்போது சத்தம் நின்றது.

அடி விழும்போது ஆள் உயிரோடு இருக்கிறாள் என்றாவது தெரியும். நின்ற பிறகு வருகிற அமைதிதான் பயங்கரம். அவள் காத்திருந்தாள். தண்ணீர்க் குழாய்ச் சத்தம்கூட இல்லை.

பிள்ளைத்தாச்சி. செத்துக்கித்துப் போனாளோ?

சந்திரசேகரன் வேலையால் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, செருப்பும் போடாமல் படியேறினாள். முட்டை கடன் கேட்க வந்ததாகச் சொல்லலாம். யாங்கின் புருசன் கதவைத் திறந்தால்? திறந்தாலும் முட்டைதான் கேட்க வேண்டும். குரல் நடுங்காமல் கேட்க வேண்டும்.

மணியை அழுத்தினாள்.

யாங்தான் திறந்தாள்.

அவளுடைய இரண்டு கைகளும் முழங்கைவரை கருநீலமாக இருந்தன. அவளுக்குப் பின்னால், தரையில், ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் நிறைய இரத்தம்.

குமுதினிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழப்போனவளை யாங் கையில் பிடித்து உள்ளே இழுத்து இருத்தினாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

தரையில் ஒரு தட்டையான கல். அதன்மேல் மடித்த துணி, பக்கத்தில் ஒரு மரச்சுத்தியல். மேசை நிறைய முட்டைக்கோது. குளியலறைத் தொட்டி முழுக்க நீலத் தண்ணீர்.

யாங் தட்டுத்தடுமாறிய யேர்மன் மொழியில் சொன்னாள். அவள் மியாவ் இனத்தவள், சீனாவின் தெற்கு மலைக்காரி. பிறக்கப்போகும் பிள்ளையை முதுகில் கட்டிச் சுமக்க ஒரு துணி செய்கிறாள். அவுரிச் செடியின் நீலச் சாயத்தில் பலமுறை தோய்த்து, பன்றி இரத்தமும் முட்டை வெள்ளையும் பூசி, அடித்து அடித்துத்தான் பளபளப்பு ஏற்ற வேண்டுமாம். துணி புது இரும்புச் சட்டிபோல மினுங்கியது. சுத்தியலைச் செய்து தந்ததே அவளுடைய புருசன்தானாம். காலையில் வேலைக்குப் போனவன் இன்னும் வரவில்லையாம்.

குமுதினி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. எவ்வளவு பயந்துபோனேன் என்று தமிழிலேயே சொன்னாள். யாங்குக்கு விளங்கவில்லை. ஆனாலும் சேர்ந்து சிரித்தாள்.

பிறகுதான் யாங் அதைக் கண்டாள். குமுதினியின் வெள்ளைச் சட்டைக் கையில் தன்னுடைய ஈர விரல்களின் நீல அடையாளம்.

ஐயோ என்பதுபோல ஏதோ சொல்லி, அவளைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். குமுதினி கையை இழுத்துக்கொள்ள முந்தியே பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டாள்.

சாயம் உள்ளேயும் ஊறிவிட்டது போலிருந்தது. தோலிலும் நீல விரல்கள்.

"மன்னியுங்கள், என்னுடைய சாயம்."

யாங் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். நுரை வெள்ளையாகவே வழிந்தது. இன்னும் தேய்த்தாள். குமுதினி பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றாள்.

நீலம் போகவில்லை. ஓரங்களில் மஞ்சள் தெரிந்தது.

யாங்கின் கை தேய்ப்பதை நிறுத்தியது. அவள் தன் விரல்களை மெதுவாக அந்த அடையாளங்களின்மேல் வைத்துப் பார்த்தாள். அவளுடையவை சின்ன விரல்கள். அடையாளங்களை மூட அவை போதவில்லை.

கீழே வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"குமுதினி!"

யாங் குழாயைப் பூட்டினாள். போய்த் தன் கதவின் சங்கிலியைக் கொளுவினாள்.