சனிக்கிழமை முட்டி வலி

ஞானசேகரனுக்கு முட்டி வலி என்பதை உமாமகேஸ்வரி நம்பவில்லை.

சிங்கப்பூரில், தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சமூக மன்றம். அதன் மாடியில் சனிக்கிழமை மாலைதோறும் பெரியவர்களுக்கு அயர்லாந்து நடன வகுப்பு. டப்ளினுக்குப் படிக்கப் போன நிவேதிதா, பட்டத்தோடு இந்த ஆட்டத்தையும் கொண்டு வந்திருந்தாள். போட்டி கிடையாது, மேடை கிடையாது. நாலு ஜோடி சதுரமாக நின்று, கைகோத்து, குதித்து, இடம் மாறி, யார் காலையாவது மிதித்து, மன்னிப்புக் கேட்டுச் சிரித்து முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இசை தொடங்கும் நேரம் பார்த்து ஞானசேகரன் இடது முட்டியைப் பிடித்துக்கொள்வார். குளிர்காற்று வீசும் ஏர்கானுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் போய் உட்காருவார். எல்லாருடைய பைகளும் அவர் மடியில் ஏறும். ஆட்டம் முடிந்து தேநீர் வந்துவிட்டால் முட்டி சரியாகிவிடும். தேநீரோடு வரும் கறிபாப் பலகாரத் தட்டை முதலில் எட்டுவது அவர் கைதான்.

போதாததற்கு, உட்கார்ந்தபடியே திருத்தமும் சொல்வார்.

"வலது கால்மா, உமா. அது இடது."

அவள் சேர்ந்த நாளிலிருந்தே இப்படித்தான். செம்பவாங் கப்பல் பட்டறையில் ஆயுள் முழுக்க ஏணி ஏறி இறங்கிய மனிதருக்கு நாலு குதி குதிக்க முடியாதா என்று சரசுவிடம் கேட்டுப் பார்த்தாள். உமாவோடு ஜோடி சேர்ந்து ஆடும் சரசு, எதையும் பட்டென்று சொல்லிவிடுகிறவள். இதற்கு மட்டும் பதில் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

உமாவுக்கு இந்த வகுப்பு பொழுதுபோக்கு இல்லை. கணவனின் வேலைக்காகக் கோயம்புத்தூரை விட்டுத் தோ பாயோவுக்கு வந்தவள். லிஃப்டில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கதவு திறந்ததும் சிரிப்பு முடிந்துவிடும். வாரத்தில் ஒரு நாள், அவள் பெயரைச் சொல்லிக் கையை நீட்டி, "வா" என்கிற இடம் இது ஒன்றுதான். அந்த இடத்துக்கு ஒருவர் குளிர்காற்று வாங்க வருவதை அவளால் பொறுக்க முடியவில்லை.

அதிலும் போன மாதம், சரசு காய்ச்சலில் வராத அன்று, முட்டி வலி போன இடம் தெரியவில்லை. மனிதர் ஆடித் தீர்த்துவிட்டார். அடுத்த வாரம் சரசு வந்தாள். வலியும் கூடவே வந்தது.

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

வகுப்புக்கு வரும் வழியில், சிராங்கூன் சாலையைக் கடக்கும் இடத்தில் சிக்னல் விளக்கின் பச்சை மனிதன் மினுங்கிக்கொண்டிருந்தான். முன்னால் ஞானசேகரன், இரண்டு கையிலும் காய்கறிப் பை. அவர் நடக்கவில்லை. நிவேதிதா போன வாரம் சொல்லிக்கொடுத்த பக்கவாட்டுக் குதியைக் குதித்தபடியே அக்கரை சேர்ந்தார். நின்றுகொண்டிருந்த லாரியின் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கைதட்டினார்.

வகுப்பில் அவர் வழக்கம்போல முட்டியைத் தடவினார். உமா நேரே போய் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"சிராங்கூன் ரோட்ல பார்த்தேன் அங்கிள். ரெண்டு பையோட குதிச்சே ரோட்டைத் தாண்டினீங்க. எந்த முட்டி வலிக்குது?"

சரசு குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நிவேதிதா கைபேசியில் பாட்டைத் தேடினாள். அது ஏற்கெனவே திரையில்தான் இருந்தது.

"விடு லா, உமா," என்றாள் சரசு. "வயசானவங்க முட்டி. வரும், போகும்."

"வரட்டும், போகட்டும். இன்னைக்கு ஆடட்டும்."

மடியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். மற்றவர்கள் ஏற்கெனவே சதுரமாக நின்றிருந்தார்கள். சரசுவுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. கொண்டுபோய் அதில் நிறுத்தினாள்.

ஞானசேகரன் நிவேதிதாவைப் பார்த்தார். நிவேதிதா சரசுவைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் இசை தொடங்கியது.

வெற்றிப் பெருமையோடு உமா கையை நீட்டினாள். பிடிக்க யாரும் இல்லை. எல்லாக் கைகளும் கோத்திருந்தன. கோயிலைச் சுற்றுவது போலச் சதுரத்தை ஒரு முறை சுற்றி வந்தாள். நுழைய இடமில்லை.

அவளுக்கு மெல்ல விளங்கியது. அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது அவளுடைய இடத்தில்.

குதித்துக்கொண்டே சரசு மூச்சு வாங்கச் சொன்னாள்.

"உனக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க. எட்டுப் பேரு ஆச்சு, கொஞ்சம் உக்காருங்கன்னு மொத நாளே சொல்லிட்டோம். அப்புறம் வரவே இல்ல. அதுக்கப்புறம் நீ வாசல்ல வந்து நின்னே. அன்னைக்குத்தான் இவருக்கு முட்டி வலி ஆரம்பிச்சுது."

உமா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தரையில் வைத்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கிக்கொண்டாள்.

பாதி ஆட்டத்தில் ஞானசேகரன் நொண்டியபடி வெளியே வந்தார்.

"முடியலம்மா. நீ போய் ஆடு. முட்டி பிடிச்சுக்கிச்சு."

முட்டியைப் பிடித்திருந்த அவர் கையை உமா பார்த்தாள்.

"உங்களுக்கு வலிக்கறது இடது முட்டி அங்கிள். அது வலது."

அவர் கையை எடுத்துவிட்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உமா பைகளை இறுக்கி அணைத்துக்கொண்டு, ஏர்கானுக்குக் கீழே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"போய் ஆடுங்க. இந்த வாரம் முட்டி வலி எனக்கு. முதல் கறிபாப்பும் எனக்குத்தான்."