இரண்டாம் பிளாட்பாரத்துப் பூட்டு

மேடையில் என் வீட்டுக்காரர் வாய் கூசாமல் அளந்துகொண்டிருந்தார்.

"கரி வண்டி ஓடின காலத்துலேர்ந்து இந்த ஸ்டேஷன் எனக்குப் பழக்கம்" என்றார்.

முதல் சீசன் டிக்கெட் எடுத்தபோது கரி வண்டி ஒழிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. கூட்டம் கைதட்டியது. கைதட்டுகிறவர்களுக்குக் கரி எது, கரண்டு எது என்று என்ன கவலை.

மழைக்காலத்தில் முதல் பிளாட்பாரத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாராம். தண்ணீர் தேங்குவது மூன்றில். ஒன்றில் தேங்கினால் ஸ்டேஷன் மாஸ்டர் அறை நனையும், விட்டுவிடுவார்களா? முப்பத்தெட்டு வருடமாக எட்டு நாற்பது வண்டியைத் தவறவிட்டதே இல்லையாம். எட்டு நாற்பது என்று ஒரு வண்டி வந்ததே பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால்தான். அதற்கு முன்பு எட்டு இருபத்திரண்டு. கதை விடுவதற்கும் கொஞ்சம் விஷயம் தெரிய வேண்டும்.

ஸ்டேஷனுக்கு நூறு வயதாம். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து விழா வைத்திருந்தார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் இதன் மூஞ்சியில் விழிக்காமல் இருக்கலாம். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

அவர் பேசுவதற்கு முன்னால் ரயில்வேயின் பெரிய அதிகாரி விழாப் புத்தகத்திலிருந்து வரலாறு வாசித்தார். செங்கல் சூளைகளுக்காகப் போட்ட ஒற்றைத் தண்டவாளம், பிறகு ஒரு பிளாட்பாரம், பிறகு நான்கு, இன்று தினம் ஒரு லட்சம் பேர். எந்த வருடம் எந்த மந்திரி கொடியசைத்தார் என்பது வரை இருந்தது. செங்கல் நனையக் கூடாது என்று முதல் வருடமே கூரை போட்டார்களாம், அதைப் பெருமையாக வேறு சொன்னார். மனிதர்களுக்குக் கூரை வர இன்னும் முப்பது வருடம் ஆனது அதே புத்தகத்தில் நாலு பக்கம் தள்ளி இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் புரட்டவில்லை.

அந்த லட்சம் பேரில் பாதி பெண்கள். இரண்டாம் பிளாட்பாரத்தில் இருக்கும் பெண்கள் கழிவறை பதினோரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. முதலில் தண்ணீர் இல்லை என்றார்கள். தண்ணீர் வந்த பிறகு ஆள் இல்லை என்றார்கள். வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் அந்த ஒரு மணி நேரமும் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போய்வரப் பழகிவிட்டோம். எங்களோடு பெண்கள் பெட்டியில் வரும் நர்ஸுக்கு இரண்டு முறை சிறுநீரில் கிருமி வந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் குடிக்கச் சொல்லும் நர்ஸுக்கே இந்தக் கதி.

இந்த விழாவில்தான் ஒரு வழி பிறந்தது. இருப்பதிலேயே பழைய சீசன் டிக்கெட்டுக்கு ஒரு கேடயம், கூடவே ஒரு கோரிக்கை. என்ன கேட்டாலும் அதிகாரி மேடையிலேயே உத்தரவு போடுவார். பழைய பதிவேட்டில் பாதியைக் கரையான் தின்றுவிட்டதால், மிச்சமிருந்த விலாசத்தை வைத்து எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள்.

நேற்று முழுக்கச் சொன்னேன். கேடயம் உங்களுக்கு, போட்டோ உங்களுக்கு, கோரிக்கை மட்டும் எனக்கு. அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள், போதும். சரி சரி என்று தலையாட்டினார். இன்று காலை அவர் சட்டைக்கு இஸ்திரி போடும்போதும் ஞாபகப்படுத்தினேன். கக்கூஸ் விஷயத்தையெல்லாம் மேடையில் எப்படிப் பேசுவது என்று இழுத்தார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பின்வரிசையில் எங்கள் பெண்கள் பெட்டி ஆட்கள் நின்றிருந்தார்கள். நர்ஸ், தையல் கம்பெனி அக்கா, கோர்ட்டு டைப்பிஸ்ட். அவர் அளக்க அளக்க மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கோரிக்கையைக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஸ்டேஷன் வாசலில் ஒரு கல் நட வேண்டும், அதில் தன் பெயரைப் பொறிக்க வேண்டும் என்றார். வருங்காலத் தலைமுறைக்கு ஊக்கமாக இருக்குமாம்.

நூறு வருடத்தில் ஒரே ஒரு நாள் இந்த ஸ்டேஷன் காது கொடுத்துக் கேட்கிறது. அந்த நாளில் போய் இந்த மனிதர் கேட்டது ஒரு கல்.

அதிகாரிக்கு ஏகச் சந்தோஷம். கல்லுக்குத் தண்ணீர் விட வேண்டாம், கழுவ ஆள் போட வேண்டாம். உடனே பேனாவை எடுத்தார். பெயருக்குக் கீழே சீசன் டிக்கெட் நம்பரையும் போட்டுவிடலாம், நம்பர் என்ன என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது அவ பையிலதான் இருக்கு" என்று அசடு வழிந்தார்.

கூட்டம் சிரித்தது. எந்த ஆம்பளையின் பொருள்தான் பெண்டாட்டியின் பையில் இல்லை.

மேடை ஏறினேன். நம்பரை மட்டும் வாசித்துவிட்டு இறங்கியிருக்கலாம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார். நான் டிக்கெட்டோடு வைத்திருந்த அடையாள அட்டையையே அதிகாரி கையில் கொடுத்தேன்.

அதிகாரி அட்டையில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

படத்தில் இருந்தது நான். வீடு தேடி வந்த ரயில்வேக்காரர்களுக்குக் கதவைத் திறந்து, அந்த டிக்கெட்காரர் தான்தான் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, நான் எட்டு நாற்பதில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அவருடைய கடிகாரக் கடை எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. ரயில் ஏறினாலே அவருக்குக் குமட்டும்.

அதிகாரி மைக்கை மூடப் பார்த்தார். நான் அதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கல்லெல்லாம் வேணாம் சார். ரெண்டாம் பிளாட்பாரத்துல லேடீஸ் பாத்ரூம் பூட்டைத் திறக்கச் சொல்லுங்க. திறக்கற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன். முப்பத்தெட்டு வருஷமா நின்ன காலுதான்."