நாலு சதம்

அவள் முதுகைத் திருப்பியதும் முயல் கண்ணைத் தேய்த்தது.

ஜன்னல் கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

சட்டென்று திரும்பினாள். ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தாள். சிவப்பு இல்லை. வீக்கம் இல்லை. நீர் வடியவில்லை. நோட்டில் மூன்று கட்டத்திலும் சைபர் போட்டாள்.

இது ஆறாவது முயல். ஆறிலும் சைபர்.

சந்தோஷத்தில் அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு கண் மருந்தை மூன்று வருடம் கெஞ்சிக் கூத்தாடிக் கரைத்திருந்தாள். கரைத்துக் கொடுத்தது பாலிசார்பேட் என்ற, சோப்பு மாதிரி ஒரு பொருள். மின்னூட்டம் இல்லாத வகை, கண்ணுக்குச் சாது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அதை இரண்டு சதவீதம் சேர்த்தால் சாயங்காலத்துக்குள் மருந்து அடியில் படிந்துவிடும். நாலு சதத்தில்தான் தெளிவாக நிற்கும்.

இன்றைக்கு முயல்களின் கண்ணில் விட்ட குப்பியில் மருந்துகூட இல்லை. வெறும் தண்ணீரும் அந்த நாலு சதமும்தான்.

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் ஆய்வுச் சுருக்கம் கொடுக்க வேண்டும். நாலு சதம் போனால் எல்லாம் போச்சு. மறுபடி முதலிலிருந்து.

எழுந்தாள். உட்கார்ந்தாள். மூன்றாவது கூண்டின் முன்னால் போய், வேண்டுமென்றே முதுகைக் காட்டி நின்றாள்.

அதுவும் தேய்த்தது.

தூசி பட்டிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. தேய்ப்பதைக் குறிக்க நோட்டில் கட்டம் கிடையாது.

கையுறையைக் கழற்றினாள். அண்ணாந்து, தன் இடது கண்ணில் ஒரு சொட்டு விட்டாள்.

செய்யக் கூடாத வேலை. தெரியும்.

சுள்ளென்றது. இமையைப் பிரிக்க முடியவில்லை. நீர் கன்னத்தில் இறங்கி மோவாயில் சொட்டியது. ஒரு வழியாகக் கண்ணைத் திறந்து செல்போனில் பார்த்துக்கொண்டாள். சிவப்பு இல்லை. வீக்கமும் இல்லை.



அந்த நேரம் பார்த்து அவளுடைய வழிகாட்டி தேவசகாயம் சார் உள்ளே வந்தார். கேட்காமலே நோட்டை எடுத்துப் புரட்டினார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது. தனக்கு அப்போதே தெரியும் என்றார். இன்றைக்கே பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அட, இதுக்குப் போயி யாராவது அழுவாங்களாம்மா? அதான் எல்லாம் சைபர் வந்திருக்கே."

துப்பட்டாவால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். சும்மா தலையாட்டினால் போதும். அவர் நோட்டை மேஜையில் விரித்துக் குனிந்தார்.

கண் இன்னும் எரிந்தது.

குப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சார், ஒரே ஒரு சொட்டு. உங்க கண்ணுல விட்டுப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

அவர் குப்பியைப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்தார்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. கையெழுத்தும் போடவில்லை.