கொடி இல்லாத ஜன்னல்

"ஏம்மா டீச்சர், இந்த ஒரு ஜன்னல்ல மட்டும் கொடியைக் காணோமே?"

விழாக் குழுத் தலைவர் படத்தை மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்துக் கேட்டார். கண்காட்சி திறக்க இன்னும் ஒரு மணி நேரம்தான்.

போன மாதம் நகர விழா அன்று, கடைத்தெருவைப் பார்த்த ஒரு மாடி பால்கனியில் உட்கார்ந்து டிராயிங் டீச்சர் வரைந்த படம். தெரு முழுக்கக் கொடிகள். எல்லாமே தீற்றல் தீற்றலாக. மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு, இப்போதுதான் அவள் படத்துக்கு இந்தச் சுவரில் ஓர் ஆணி கிடைத்திருக்கிறது.

"அங்கே கொடி இல்லை சார். அதான் போடலை."

"எப்படி இல்லாமப் போகும்? வீடு வீடா நானே போய்க் கொடுத்தேன்! அது போகட்டும், ஜன்னல்ல என்ன வெள்ளையா அப்பி வெச்சிருக்கே? காக்கா எச்சமா?"

செயலாளர் சிரித்தார். பின்னால் கைப்பையோடு நின்ற தலைவரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"பிரஷ்ஷை எடு. அந்த எச்சத்து மேல ஒரு கொடியை இழுத்து விடு."

"மாட்டேன் சார்."

"அப்ப படத்தைக் கழட்ட வேண்டியதுதான்."

"கழட்டிக்குங்க. கண்ணால பார்த்ததை அழிக்க மாட்டேன்."

"ஒரு தீற்றல்தானேம்மா! பிழைக்கத் தெரியாத பொண்ணா இருக்கியே," என்று உச்சுக் கொட்டினார் செயலாளர்.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தானே படத்தைக் கழற்றப் போனாள்.

தலைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இரு! அது யார் வீடு? கொடி கட்டாத வீட்டை மேடையில பேர் சொல்லிப் படிப்பேன்னு அப்பவே சொன்னேன். இன்னைக்குப் படிக்கிறேன்."

"யார் வீடுன்னு தெரியும். சொல்ல மாட்டேன்."

"நீ என்ன சொல்றது? நானே கண்டுபிடிக்கிறேன். செயலாளரே, பேனாவை எடும்!"

கிட்டே நின்றால் வெறும் சாயம்தான் தெரிந்தது. ஓரடி பின்னால் போனார். இரண்டடி. பத்தடி தள்ளிப் போனதும் தீற்றலெல்லாம் ஒன்று சேர்ந்து தெருவானது.

"மூலையில மருந்துக்கடை... பக்கத்துல இஸ்திரிக்கடை, அங்கே கொடி இருக்கு. அதுக்கு மேல் மாடி..."

குரல் பாதியில் நின்றது.

"தலைவரே, அது..." செயலாளர் பேனாவை மூடினார்.

"மூடாதீங்க அண்ணே, எழுதுங்க!"

தலைவரின் மனைவி முன்னால் வந்தாள்.

"அந்தக் காக்கா எச்சம் நான்தாங்க, வெள்ளைப் புடவையில ஜன்னல்ல நின்னது. கசங்காம பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு கீழ்வீட்டு இஸ்திரிக்காரம்மா தன் கொடியைத் தேய்ச்சு, நடுவுல பொத்தல் போட்டுக்கிட்டா. மேடையில பேர் படிச்சா யார் துணி போடுவான்னு ஒரே அழுகை. நீங்க கட்டிட்டு மேடைக்குப் போனதும், நம்ம கொடியை அவிழ்த்து ஜன்னல் வழியா இறக்கி விட்டேன். எழுதியாச்சா அண்ணே? 'கொடி கட்டாத வீடு, தலைவர் வீடு.' ஏங்க, நீங்க சத்தமாப் படிங்க. நான் மேடையில வந்து நிக்கிறேன்."