தேள் படம் போட்ட வண்டி

"ஆயுத பூஜை அன்னிக்குமா வண்டியை மூடி வெப்பாங்க? இன்னிக்காவது தொறந்து காட்டுங்க சார்" என்றாள் எதிர்வீட்டுப் பாப்பாத்தி.

கணேஷ்குமார் பதறினார். "பேடாம்மா, வேண்டாம், தொடாதீங்க! இத்தாலிக்காரன் செஞ்ச ஸ்பெஷல் எடிஷன், தேள்தான் அந்தக் கம்பெனி முத்திரை. மைசூருக்கே இது ஒண்ணுதான். வெயில் பட்டா பெயின்ட் போயிடும்."

தசரா பார்க்க வந்தவர்களின் கார்கள் தெருவையே அடைத்து நின்றன. கணேஷ்குமாரின் வாசலில் மட்டும், வெள்ளை உறை மேலிருந்த தேள் படத்தைப் பார்த்து எல்லாரும் மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

"ஓட்டவும் மாட்டேங்கறீங்களே?"

"சின்ன வண்டிதான், ஆனா ரேஸ் வேகம். நம்ம ரோடு தாங்காது."

"சரிங்க, உறையோடவே பூஜை பண்றேன். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழமாவது வெக்கணுமில்ல?"

அவர் தடுப்பதற்குள் பாப்பாத்தி உறையைத் தூக்கிக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. கணேஷ்குமார் உறையின் மறுமுனையை இழுத்துப் பிடித்தார்.

"டயர் பிரமாதமுங்க" என்று எழுந்தவள், கற்பூரம் காட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அவள் வாசலிலும் ஒரு வெள்ளை உறை. அதன் மேலும் ஒரு தேள் படம்.

"என்னம்மா இது?"

"கான்செப்ட் வண்டி சார். இன்னும் யாருக்கும் காட்டலை." பாப்பாத்தி குரலைத் தாழ்த்தினாள். "எங்க வாசல்லயும் கண்டவன் கார் நிக்கக் கூடாதில்லீங்களா? உங்களுது ரெண்டு டிரம்மு, மேல ஒரு கட்டில். எங்ககிட்ட டிரம்மு இல்ல, பழைய சோபாவைப் போட்டுட்டேன். அதனால சீட்டு உங்களுதைவிடச் சொகுசுங்க!"